பாலக்காடு குடும்பக் கோர்ட்டுக்கு என்ன உடுத்திப் போவது?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டது இது. ஜீவனாம்சமும் கல்யாண நகையும் கேட்டு நீங்கள் போட்ட வழக்குக்கு அடுத்த வாரம் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் முதல் வாய்தா. சேலைதான் கட்ட வேண்டுமா, சுடிதார் போதுமா? தாலியைக் கழற்றாதே என்று அம்மா சொல்கிறார். கழற்றிவிட்டுப் போ என்று கூட வேலை பார்க்கும் தோழி சொல்கிறார். எது சரி? எல்லாம் துணி, நகை பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் "ஜட்ஜ் என்னைப் பார்த்ததும் என்ன நினைப்பாரோ" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டில் இருபத்திரண்டு வருடமாகக் குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல். சொந்த ஊர் இதே மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் எல்லையோரம்தான். வீட்டில் தமிழ், கோர்ட்டில் மலையாளம். முதலில் சட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1984ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் மொத்தம் 23 பிரிவுகள். வழக்குக்காக வருகிறவர் என்ன உடுத்த வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. உடை விதியெல்லாம் கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமாக அலைகிற எங்களுக்கும், மேலே உட்கார்ந்திருக்கும் ஜட்ஜுக்கும்தான். சேலை கட்டவில்லை என்று யாரும் உங்கள் மனுவைத் தள்ள முடியாது. இந்தக் கோர்ட்டை மற்ற கோர்ட்டுகளைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சட்டமே எழுதியிருக்கிறார்கள். சமரசத்துக்கு முதலில் முயற்சி செய் என்று ஜட்ஜுக்கு 9ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு தரப்பில் ஒருவர் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. கூட்டத்துக்கு நடுவில் நிற்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் வக்கீலிடம் அதை மட்டும் சொல்லிவையுங்கள், உடையைப் பற்றிய பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

சேலையா சுடிதாரா என்பதற்கு ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. கேரளத்தில் கீழ்க்கோர்ட்டுப் பெண் நீதிபதிகளுக்கு 1970இல் சேலை என்று வகுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே ஓடியது. வெயிலில், அடைசலான அறையில், கறுப்புக் கவுனும் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை என்று அவர்களே கேட்டு, 2023 அக்டோபரில் ஹைக்கோர்ட் சல்வார் கமீஸும் போடலாம் என்று அனுமதித்தது. ஆக, உங்கள் வழக்கை விசாரிக்கிற ஜட்ஜ் பெண்ணாக இருந்தால் அவரே சுடிதாரில் உட்கார்ந்திருக்கலாம். குருவாயூர் கோவிலுக்குள்ளேயே 2007இலிருந்து சுடிதாரோடு போகலாம் என்று ஆகிவிட்டது, அம்மாவிடம் அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, 2024 டிசம்பரில் நம் ஹைக்கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு குழந்தைக் கஸ்டடி வழக்கைப் பார்த்தது. கீழே இருந்த குடும்ப நீதிமன்றம் அந்த அம்மாவுக்கு எதிராகச் சொன்ன காரணங்களில் அவர் போட்ட உடையும் ஒன்று. உடையை வைத்து ஒரு பெண்ணை எடைபோடுவது பெண்ணை மட்டமாகப் பார்க்கிற மனப்பான்மை என்று ஹைக்கோர்ட் கண்டித்து எழுதியது. இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது, கவனியுங்கள். மேல் கோர்ட் உங்கள் பக்கம் நிற்கிறது, அது உறுதி. ஆனால் கீழ்க் கோர்ட்டில் ஒருவர் அப்படி எழுதினார் என்பதும், அதைத் திருத்த அந்தப் பெண் எர்ணாகுளம் வரை போக வேண்டியிருந்தது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. இனி நான் சொல்வதெல்லாம் சட்டம் கிடையாது. அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாதே என்று, பார்த்துப் பார்த்துச் சேர்ந்த பழக்கம்.

சுடிதார் போதும். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, ஏற்கனவே நாலைந்து முறை துவைத்த ஒரு பருத்திச் சுடிதார். சேலைதான் உங்களுக்குப் பழக்கம் என்றால் தினம் கட்டுகிற சேலையைக் கட்டுங்கள். அன்றைக்கென்று புதிதாக எதையும் தொடாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் குறுக்கு விசாரணை நாளில் அண்ணியின் பட்டுச் சேலையை இரவல் வாங்கிக் கட்டி வந்தார். கூண்டில் நின்ற முக்கால் மணி நேரமும் முந்தானை நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் குனிந்து சேலையைச் சரிசெய்துவிட்டுப் பதில் சொன்னார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே அவர் யோசித்து யோசித்துப் பதில் தயாரிப்பது போலத் தெரிந்தது. ஜட்ஜுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ! கோர்ட் நாள் நீளமான நாள். உங்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வருவீர்கள். பேர் விளிக்கிறவரை வராந்தாவில் இடம் கிடைத்தால் பெஞ்சு, இல்லாவிட்டால் சுவர். பதினொரு மணிக்கு விளித்து, கவுன்சலிங்குக்கு அனுப்பி, மறுபடி விளிக்கும்போது மூன்று மணிகூட ஆகலாம். மார்ச் மாதப் பாலக்காட்டு வெயில் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வியர்வை தெரிகிற சிந்தெடிக் துணி வேண்டாம். ஜூனில் மழை பிடித்துவிட்டால் தரையைத் தொடுகிற பேன்ட்டும் வெளிர் நிறமும் முழங்கால் வரை சேறாகும். அந்த மாதங்களில் அடர்ந்த நிறம் போடுங்கள், பையில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையும் கறுப்புமாக மட்டும் வராதீர்கள். வக்கீல் என்று நினைத்து யாராவது உங்களிடம் வக்காலத்து நீட்டுவார்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது.

நகைதான் உங்கள் வழக்கில் உண்மையாகவே யோசிக்க வேண்டிய விஷயம். நம் ஊர் குடும்பக் கோர்ட்டுகளில் தங்கம் திரும்பக் கேட்கிற வழக்கு வராத நாள் குறைவு. அந்த வழக்குகளில் பெரிய சாட்சி கல்யாண ஆல்பம். மணப்பெண் கழுத்தில் எத்தனை சங்கிலி, கையில் எத்தனை வளையல், இடுப்பில் ஒட்டியாணம் உண்டா என்று இரண்டு வக்கீல்களும் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து எண்ணுவோம். அன்றைக்கு நீங்கள் உடுத்தியது, இன்றைக்கு உடுத்தப்போவதைவிடப் பத்து மடங்கு முக்கியம். பெண்ணுக்குக் கொடுத்த நகை பெண்ணுடைய சொத்து, கணவன் கையில் இருந்தாலும் அவன் அதற்குக் காவல்காரன் மாதிரிதான் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் எந்த நகை, எத்தனை பவுன், இப்போது யாரிடம் என்பதில்தான் சண்டை. இப்படி இருக்கும்போது, "என் நகை முழுவதும் அவர்கள் வீட்டில்" என்று மனுவில் எழுதிவிட்டு, கழுத்தில் ஒரு மூன்று பவுன் சங்கிலியோடு வந்தால் என்ன ஆகும்? ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. அது அவருடைய அம்மாவின் சங்கிலி, வெறும் கழுத்தோடு போகாதே என்று கிளம்புகிற நேரத்தில் மாட்டிவிட்டது. எதிர் வக்கீல் முதல் கேள்வியே, "மனுப் பட்டியலில் நான்காவதாக இருக்கிற சங்கிலிதானே இது?" என்று ஆரம்பித்தார். உண்மையைச் சொல்லி மீள முடிந்தது. ஆனால் அதற்குள் கால் மணி நேரமும் அந்தப் பெண்ணின் தைரியமும் போய்விட்டன. பட்டியலில் இருக்கிற நகை எதுவும், அதன் சாயலில் இருக்கிற எதுவும் அன்றைக்கு உடம்பில் வேண்டாம். கண்ணாடி வளையலும் வேண்டாம், கூண்டின் கம்பியைப் பிடித்தால் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஜோடிச் சின்னக் கம்மல் போதும்.

தாலிக்கு வருகிறேன். இதில் உங்கள் அம்மா சொல்வதிலும் தோழி சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இங்கே உள்ள மலையாளிப் பெண்களில் நிறையப் பேர் தாலியைத் தினமும் போடுவதே இல்லை, மெட்டி வழக்கமும் குறைவு. அதனால் பாலக்காட்டுக் கோர்ட்டில் வெறும் கழுத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கதை வேறு. 2022 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டின் ஒரு அமர்வு, மனைவி தாலியைக் கழற்றியதை மிகப் பெரிய மனக் கொடுமை என்றே ஒரு விவாகரத்து வழக்கில் குறிப்பிட்டது. தாலியைக் கழற்றினால் கல்யாணம் முறிந்துவிடும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வேறு பல சாட்சியங்களோடு சேர்த்துத்தான் அதையும் எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பு கேரளக் கோர்ட்டைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. கணவன் கழற்றுவதற்கு உடம்பில் எதுவுமே இல்லாதபோது மனைவி கழற்றியது மட்டும் எப்படிச் சாட்சியாகும்? ஆனால் என் அபிப்பிராயம் உங்கள் வழக்குக்கு உதவாது. எதிர்த்தரப்பு பொள்ளாச்சியில் விவாகரத்து மனுவோ, சேர்ந்து வாழக் கேட்டு மனுவோ போட்டால் "தாலி எங்கே?" என்ற கேள்வி நிச்சயம் வரும். ஆகவே நான் சொல்வது இது: இன்றைக்கு வீட்டில் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே போங்கள். போட்டிருக்கிறீர்கள் என்றால் கோர்ட்டுக்காகக் கழற்ற வேண்டாம். கழற்றி ஆறு மாதம் ஆகிவிட்டது என்றால் கோர்ட்டுக்காக எடுத்து மாட்டவும் வேண்டாம், எப்போது கழற்றினீர்கள் என்ற கேள்விக்கு அப்புறம் நேராகப் பதில் சொல்ல முடியாமல் போகும். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் உங்கள் வக்கீல் ஒருவர்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சை விட்டுவிட்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஜீவனாம்சம் கேட்டுப் போகிறவர்களுக்குச் சொந்தக்காரர்கள் தருகிற யோசனை ஒன்று உண்டு, உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்: "பழசாக் கட்டிட்டுப் போ, பாவம்னு தோணணும்." கேட்காதீர்கள். ஆண்களும் இதைச் செய்வார்கள், பணம் கட்ட முடியாது என்று காட்ட. ஒருவர் காலர் கிழிந்த சட்டையில், ஷேவ் செய்யாமல், ரப்பர் செருப்போடு வந்து நின்றார். சட்டைப் பையில் எழுபதாயிரம் ரூபாய் போன். எங்கள் பக்கத்து வக்கீல் போனைப் பற்றி மட்டும்தான் கேட்டார், வேறு எதையும் கேட்கவில்லை. அன்று முழுக்க அந்த மனிதர் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பவில்லை. உடையைப் பார்த்து வருமானத்தைக் கணக்கிடும் வேலை ஜட்ஜுக்குக் கிடையாது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எல்லோருக்கும் தெரிந்த அந்த வழக்கு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக வருகிறது. பேர் மாறினாலும் கணக்குக் காட்டுவது மாறவில்லை. கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறேன், இவ்வளவு சம்பளம் என்று உங்கள் பத்திரத்தில் எழுதியிருந்தால், வேலைக்குப் போகிற பெண் உடுத்துகிற மாதிரி உடுத்தி வாருங்கள். கம்பெனிப் பேர் போட்ட சட்டையோடு மட்டும் வர வேண்டாம், வழக்கு வீட்டு விஷயம், கம்பெனி வரை அது போக வேண்டியதில்லை.

முதல் நாள் நீங்கள் கூண்டு ஏறப் போவதில்லை, அநேகமாகக் கவுன்சலர் அறைக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உங்கள் வீட்டுக்காரரும் நீங்களும். அவருக்குப் பிடித்த நிறம், அவர் வாங்கிக் கொடுத்த சேலை, அவருக்குப் பிடிக்காதென்று தெரிந்தே போடுகிற உடுப்பு, மூன்றுமே வேண்டாம். யாருக்கும் சேதி சொல்லாத துணியாக இருக்கட்டும். உங்களுக்கு ஒரு பையன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாய்தாவுக்குக் கோர்ட் கேட்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். பின்னால் அப்பாவைப் பார்க்க அழைத்துவரச் சொன்னால், அன்றைக்கு மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: அப்பா வாங்கிக் கொடுத்த சட்டை இன்னும் சரியாக இருந்தால் அதையே போட்டுவிடுங்கள். பையன் அதைப் புரிந்துகொள்வான். கவுன்சலரும் கவனிப்பார், ஆனால் அதற்காகச் செய்யாதீர்கள்.

சில்லறை விஷயங்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டியதில்லை, நம் ஊர்ப் பெரியவர்கள் கோவில் என்று நினைத்துக் கழற்றிவிட்டு, திரும்பி வரும்போது தேடுவார்கள். போனை அணைத்துப் பையில் போடுங்கள். முகத்திரை போடுகிற ராவுத்தர் வீட்டுப் பெண்கள் இதைப் படித்தால், அடையாளம் உறுதிசெய்யவும் சாட்சி சொல்லும்போதும் முகம் காட்டச் சொல்லலாம், அதைக் கதவு சாத்திய அறையில் செய்யும்படி முன்கூட்டியே கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து காணொலியில் ஆஜராகிறவர்கள் இடுப்புக்குக் கீழேயும் ஒழுங்காக உடுத்துங்கள், எழுந்து நில்லுங்கள் என்று சொன்னதும் கைலியோடு எழுந்தவரை எல்லோருமாகப் பார்த்திருக்கிறோம். மலையாளம் சரளமாக வராது என்றால் "தமிழில் சொல்கிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். தப்பும் தவறுமான மலையாளத்தில் சொல்லி, அது வேறு அர்த்தத்தில் பதிவாவதுதான் கிழிந்த சட்டையைவிட ஆபத்து.

அப்பாவும் கூட வருவார் என்று சொன்னீர்கள். அவருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை நன்றாகவே பொருந்தும், கேரளத்தில் அதைவிட மரியாதையான உடுப்பு கிடையாது. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, கட்சிக் கரை வேட்டி வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் அது அன்றாட உடுப்பாக இருக்கலாம், இங்கே அரசியல் பலத்தைக் காட்ட ஆள் கூட்டி வந்த மாதிரி தெரியும். இன்னொன்று, வராந்தாவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது நம் ஆண்களுக்குக் கை தானாகச் செய்கிற காரியம். பேர் விளித்து உள்ளே நுழைகிற அவசரத்தில் இறக்கிவிட மறந்துவிடுவார்கள். ஜட்ஜ் முன்னால் அப்படி நிற்பது மலையாளிகள் கண்ணுக்கு மரியாதைக் குறைவு. தோளில் துண்டு இருந்தால் இருக்கட்டும், யாரைக் கண்டும் அதை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டிய காலம் போய்விட்டது. வேட்டியை மட்டும், உங்கள் பேர் கேட்டதும் நீங்களே ஒரு முறை திரும்பிப் பார்த்து, "அப்பா, வேட்டி" என்று சொல்லிவிடுங்கள்.